டிப்பரில் இடது பின்சக்கர நட் திரும்பத் திரும்பத் தளர்வது பற்றி

மறுபடி முறுக்கிவிட்டு ஓட்டாதீர்கள். லோடு இறக்கி, தளரும் அந்த ஜோடிச் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.

டயர் மாற்றியபோது டிஸ்க்குக்கு (டயரைத் தாங்கும் இரும்புச் சக்கரம்) புதுப் பெயிண்ட் அடித்ததாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். இரண்டு டிஸ்க்குக்கும் பிரேக் டிரம்முக்கும் நடுவே பெயிண்ட், துரு, மண் எது இருந்தாலும் லோடோடு ஓட ஓட நசுங்கும். நசுங்கிய அளவுக்கு ஸ்டட்டின் (நட் ஏறும் மரைக் கம்பி) பிடி குறையும், அப்புறம் நட் கழலத் தொடங்கும்.

1. சேரும் முகங்களை வயர் பிரஷால் வெறும் இரும்பு தெரியத் தேயுங்கள்.
2. ஸ்டட் துளை நீள்வட்டமாகியிருந்தால் அந்த டிஸ்க் வேண்டாம். மரை நைந்த ஸ்டட்டையும் மாற்றிவிடுங்கள்.
3. எதிரெதிர் வரிசையில், வண்டிக் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். ஸ்பேனரில் குழாய் மாட்டி ஏறி மிதிக்கும் பழக்கம் ரொம்ப ஆபத்து. ஸ்டட் இழுபட்டு, பிறகு ஓட்டத்தில் உடையும்.
4. முதல் 80 கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடி டார்க் பாருங்கள்.

தினமும் கிளம்புமுன் நட்டிலிருந்து துருக்கோடு வழிகிறதா என்று பாருங்கள். அது தளர்வின் அடையாளம்.

ஒன்று மட்டும் கவனம்: நட் இறுக்கமாக இருந்தும் ஹப் (சக்கரம் மாட்டியிருக்கும் நடுப்பகுதி) அதிகம் சூடாகிறது, ஆயில் கசிகிறது என்றால் கோளாறு பேரிங்கில் இருக்கலாம். பேரிங் போனால் சக்கரம் ஹப்போடு சேர்ந்தே கழன்றுவிடலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.