சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் சர்க்கரை குறையவில்லையே, ஏன்?

அப்பாவுக்குச் சோற்றுக்குப் பதிலாக இரண்டு வேளையும் கேழ்வரகுக் கஞ்சி கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கஞ்சியே காரணமாக இருக்கலாம்.

100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகிலும் 65-70 கிராம் இருக்கிறது. அதை நைசாக அரைத்து, காய்ச்சி, கரைத்துக் குடித்தால் மெல்லும் வேலைகூட இல்லை, சர்க்கரை மளமளவென்று ஏறும். அதே மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு இரண்டு அடை தட்டிக் கொடுங்கள். கூடவே ஒரு கிண்ணம் சுண்டல்.

மதியம் சோறு வேண்டாம் என்றில்லை. நம் வீடுகளில் சோறு மலையாகவும் பொரியல் ஊறுகாய் அளவிலும் இருப்பதுதான் சிக்கல். தட்டில் பாதி காய், கீரை (உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது), கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டால் ஏற்றம் இன்னும் குறையும்.

அப்புறம், சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். பலருக்கும் இலக்கு 180-க்குக் கீழே. இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் என்றால், சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை மாற்றாவிட்டால் சர்க்கரை ரொம்பவே இறங்கிவிடும்.