வாசகர் கேள்வி – பதில்: கயிறு மறப்பதில்லை

கேள்வி: பாடசாலை விழாவுக்காகப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பின்னல் கோலாட்டம் பழக்கினேன். ஒத்திகையில் பின்னும்போது ஒரு பிள்ளை உள்ளால் போக வேண்டிய இடத்தில் வெளியால் போய்விட்டாள், ஒருவரும் கவனிக்கவில்லை. அவிழ்க்கும் ஆட்டத்தை எல்லோரும் பழகியபடியே பிழையின்றி ஆடினார்கள், அவரவர் இடத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் கயிறுகள் பிரியவில்லை. ஒரேயொரு பிழையால் இவ்வளவு சிக்கல் வருமா?
— நடன ஆசிரியை, ஆரையம்பதி

பதில்: வரும். சிக்கல் எவ்வளவு என்பதையும் எழுதியே காட்டலாம். கணிதவியலாளர் எமில் ஆர்ட்டின் 1925ஆம் ஆண்டு ஹாம்பர்க்கில் இருந்தபோது கணிதமாக வகுத்த பொருளைத்தான் உங்கள் பிள்ளைகள் கையில் பிடித்துக்கொண்டு சுற்றுகிறார்கள். அவர் தம் கட்டுரைக்கு இட்ட ஜெர்மன் தலைப்பில் உள்ள சொல் தலைமுடிச் சடையையே குறிக்கும்.

இரண்டு ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆடினால் அதுவும் ஓர் ஆட்டம்; எந்த ஆட்டத்தையும் பின்னோக்கி ஆடி அழிக்கலாம்; அசையாமல் நிற்பதும் ஓர் ஆட்டம். இந்த மூன்றும் பொருந்துவதால் பின்னல்கள் சேர்ந்து ஒரு குலம் (group) ஆகின்றன. அடுத்தடுத்து நிற்கும் இருவர் இடம் மாறும் ஒரு கடப்பே இந்தக் குலத்தின் அடிப்படை எழுத்து. ஒருவர் வெளியால் போனால் அந்த எழுத்து, உள்ளால் போனால் அதன் நேர்மாறு.

பிழை நேர்வதற்கு முன் ஆடியதை ‘மு’ என்றும், பிறகு ஆடியதை ‘பி’ என்றும், பிழையான கடப்பை ‘கு’ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பழக்கியது மு கு⁻¹ பி (⁻¹ என்பது நேர்மாறைக் குறிக்கும்). ஒத்திகையில் நடந்ததோ மு கு பி. அவிழ்க்கும் ஆட்டம் பழக்கியதன் நேர்மாறு என்பதால் அது பி⁻¹ கு மு⁻¹. இரண்டையும் சேர்த்தால் நடுவில் பியும் பி⁻¹உம் அழிந்து, மு கு கு மு⁻¹ என்பது மிஞ்சும். அதாவது, இரண்டே இரண்டு கயிறுகள் ஒன்றையொன்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருக்கின்றன. ஆனால் அந்தச் சுற்று ‘மு’ என்ற பாதையின் உள்ளே பொதிந்து கிடப்பதால் பன்னிரண்டு கயிறும் சிக்கியது போலத் தெரிகிறது.

இது தானாக அவிழாது என்பதை ஓர் எளிய கணக்கால் நிறுவலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் +1, ஒவ்வொரு நேர்மாறுக்கும் –1 எனக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கயிறுகளை எப்படித் தளர்த்தி நகர்த்தினாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறுவதில்லை. நேராகத் தொங்கும் கயிறுகளுக்கு அது 0. உங்களிடம் மிஞ்சியதற்கோ 2.

இனிக் கைமருந்து. பிழையாகக் கடந்த இருவரில் யாராவது ஒருத்தியின் கயிற்றை மாத்திரம் மேலே கட்டிய இடத்தில் கழற்றி உருவிவிடுங்கள். ‘கு’ அப்போது ஒன்றுமில்லாமல் போய்விடும். மிகுந்திருக்கும் முவும் மு⁻¹உம் தாமே அழிந்து, மற்றைய பதினொரு கயிறும் நேராகும். கழற்றாமலே தீர்க்க வேண்டுமானால், ‘மு’ முழுவதையும் மறுபடி ஆடி, அந்த இருவரையும் மறுபுறமாக இரண்டு முறை கடக்கவிட்டு, ‘மு’வைப் பின்னோக்கி ஆட வேண்டும். பிரதம விருந்தினர் முன்னிலையில் இதைச் செய்யும்படி நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: என் தங்கைக்கு மூன்று பிரிச் சடை பின்னும்போது எண்ணிப் பார்த்தேன். இடம், வலம் என்று மூன்று சோடி எடுப்புகள் முடிந்ததும் ஒவ்வொரு பிரியும் தன் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. வரிசைமாற்றமாகப் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. அப்படியானால் பின்னற்குலத்திலும் எதையாவது போதிய தடவை திரும்பச் செய்தால் தொடக்கத்துக்கு வந்துவிடலாமா?
— உயர்தர மாணவன், கல்முனை

பதில்: தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர். வரிசைமாற்றம் யார் எங்கே நிற்கிறார் என்பதை மாத்திரம் கேட்கும்; பின்னல் எப்படி வந்தார் என்பதையும் கேட்கும். முதல் இரு பிரிகளின் கடப்பு ‘அ’, அடுத்த இரண்டின் கடப்பு ‘ஆ’ என்றால், சடையின் ஒரு சோடி எடுப்பு அ ஆ⁻¹. மேலே ஆசிரியைக்குச் சொன்ன கூட்டுத்தொகை இங்கே 0 ஆகிவிடுவதால் அந்தக் கருவி உதவாது. இன்னும் கூரிய கருவி வேண்டும்.

மூன்று பிரிக்கு உரிய விதி ஒன்றே ஒன்று: அ ஆ அ = ஆ அ ஆ. இப்போது ‘அ’வுக்குப் பதிலாக முதல் நிரை 1, 1, இரண்டாம் நிரை 0, 1 என்ற தாயத்தையும் (matrix), ‘ஆ’வுக்குப் பதிலாக 1, 0 மற்றும் –1, 1 என்ற தாயத்தையும் இடுங்கள். விதியின் இரு பக்கங்களையும் பெருக்கிப் பாரும். இரண்டும் ஒரே தாயமாக, 0, 1 மற்றும் –1, 0 என்று வரும். ஆகவே இந்த மாற்றீடு செல்லும். அ ஆ⁻¹ என்பதற்கு 2, 1 மற்றும் 1, 1 கிடைக்கும். அதன் வர்க்கம் 5, 3 மற்றும் 3, 2. மூன்றாம் அடுக்கு, அதாவது உம்முடைய தங்கையின் பிரிகள் பழைய இடத்துக்கு வந்த கணம், 13, 8 மற்றும் 8, 5. எல்லாம் பிபனாச்சி எண்கள். வளருமே தவிர ஒருபோதும் 1, 0 மற்றும் 0, 1 என்று திரும்பமாட்டா. எத்தனை ஆயிரம் முறை பின்னினாலும் சடை தானே அவிழாததற்கு இதுவே நிரூபணம்.

எத்தனை பிரியானாலும் எந்தப் பின்னலுக்கும் இது பொருந்தும்: ஒன்றும் செய்யாத பின்னலைத் தவிர மற்ற எதையும் எத்தனை முறை மடித்துச் செய்தாலும் தொடக்கநிலை வராது. பொது நிரூபணத்துக்கு இந்தச் சிறு தாயங்கள் போதா. எந்தப் பின்னற்குலத்தையும், வெவ்வேறு பின்னல்களுக்கு வெவ்வேறு தாயங்கள் வரும்படி, தாயங்களாக எழுதலாம் என்பதே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், பிகலோ, கிராமர் ஆகிய இருவராலும் தனித்தனியே நிறுவப்பட்டது.

கேள்வி: நாங்கள் இழைக்கும் பன்பாயும் இந்தக் கணக்கில் அடங்குமா?
— தம்பிலுவில் வாசகி

பதில்: அடங்காது. பின்னற்குலத்தில் ஒவ்வோர் இழையும் மேலிருந்து கீழாக மாத்திரமே இறங்க வேண்டும். பாயின் ஓரத்தில் பன்னை மடித்துத் திருப்புகிறீர்கள்; அந்த மடிப்பிலேயே அது விதியை மீறிவிடுகிறது.

கேள்வி: பின்னற்குலத்தின் பொதுமைப்படுத்தல்கள் எவை? அவற்றிலும் இதே பண்புகள் நிற்குமா?
— பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை

பதில்: மகள், முதற் பொதுமைப்படுத்தல் கோலாட்டத்தின் நடுக்கம்பத்திலேயே இருக்கிறது. கம்பத்தையும் அசையாத ஓர் இழையாகக் கொண்டு, முதலாம் பிள்ளை அதைத் தனியே ஒரு முறை சுற்றி வருவதைக் ‘க’ என்க. அப்போது மூன்றெழுத்து விதியோடு நான்கெழுத்து விதி ஒன்றும் வருகிறது: க அ க அ = அ க அ க. இப்படி, எழுத்துகளின் ஒவ்வொரு சோடிக்கும் விதியின் நீளத்தை நாமே தெரிந்தெடுத்தால் (விதியே இல்லாமலும் விடலாம்) கிடைப்பவையே ஆர்ட்டின் குலங்கள். கார்சைட் 1969இல் பின்னல்களுக்குக் கண்ட வழியை 1972இல் பிரீஸ்கோர்னும் சைட்டோவும் ஒரு புறமும், டெலீன் மறு புறமும் விரித்தார்கள். எழுத்துகளின் வர்க்கங்களை எல்லாம் 1 ஆக்கும்போது முடிவுள்ள குலம் கிடைக்குமானால், மூலக் குலத்திலும் திரும்பச் செய்து தொடக்கத்துக்கு வரும் உறுப்பு இல்லை. இரு சொற்கள் ஒன்றா என்று தீர்மானிக்கவும் வழி உண்டு. எல்லா ஆர்ட்டின் குலங்களுக்கும் இது நிற்குமா என்பதற்கு இன்றுவரை பொது நிரூபணம் இல்லை. ஆய்வுக்குப் பொருள் தேடுகிறீரானால் இங்கே இடமுண்டு.

எதிர்த்திசையிலும் போகலாம். ஒரே கடப்பை இரண்டு முறை செய்தால் ஒன்றும் நடவாதது என்று கட்டளையிட்டால் பன்னிரண்டு பிள்ளைகளின் குலம் வெறும் வரிசைமாற்றங்களாகச் சுருங்கி 47,90,01,600 உறுப்புகளோடு நின்றுவிடும். இரண்டுக்குப் பதில் மூன்று முறை என்றால்? கொக்ஸ்டர் 1957இல் இதற்கு விடை தந்தார்: ஒன்றைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்ததையும், ஒன்றைக் கட்டளையில் உள்ள தடவைகளால் வகுத்ததையும் கூட்டி, அது அரைக்கு மேல் வந்தால் மட்டுமே குலம் முடிவுள்ளது. மூன்று தடவைக் கட்டளையில், மூன்று பிள்ளைகளுக்கு 24 உறுப்புகள், நால்வருக்கு 648, ஐவருக்கு 1,55,520. ஆறாவது பிள்ளை வந்து கயிற்றைப் பிடித்த கணமே கூட்டுத்தொகை சரியாக அரையாகிவிடும்; குலம் முடிவிலியாகிவிடும்.