பாசிட்டிவ் வந்தால் நோய்தானா?

கேள்வி: எந்தத் தொந்தரவும் இல்லாத என் அண்ணனுக்கு, முழு உடல் பரிசோதனையில் ஓர் அரிய நோய்க்கு 'பாசிட்டிவ்' வந்திருக்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோயாம். அந்த டெஸ்ட், நோயாளிகளில் 90% பேரைக் கண்டுபிடிக்கும்; நோயில்லாதவர்களில் 5% பேருக்கு மட்டுமே தவறாகக் காட்டும் என்கிறார்கள். அப்படியானால் அவருக்கு நோய் இருக்க 95% வாய்ப்பா, டாக்டர்?

பதில்: இல்லை, 2 சதவீதத்துக்கும் குறைவு. இதில் தடுமாறுவது நீங்கள் மட்டுமல்ல. 1978-ல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் கிட்டத்தட்ட இதே கணக்கைக் கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். அதிகம் பேர் சொன்ன விடை 95%!

சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். 10,000 பேரில் நோயாளிகள் 10 பேர். அவர்களில் 9 பேருக்கு பாசிட்டிவ் வரும். மீதி 9,990 பேருக்கு நோயில்லை; அதில் 5% என்றால் சுமார் 500 பேர். ஆக, பாசிட்டிவ் வந்த 509 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தான். 5% சின்ன எண்தான். ஆனால் அது பெருங்கூட்டத்தின் 5%.

இதே டெஸ்டை, அறிகுறிகளோடு வருபவர்களுக்குச் செய்தால் கதையே வேறு. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேரில் 200 நோயாளிகள். 180 பேருக்கு பாசிட்டிவ். நோயில்லாத 800 பேரில் 40 பேருக்குத் தவறான பாசிட்டிவ். இப்போது வாய்ப்பு 220-க்கு 180, அதாவது 82%. டெஸ்ட் மாறவில்லை, யாருக்குச் செய்கிறோம் என்பதுதான் மாறியது.

அதற்காக ரிப்போர்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம். வேறு முறையில் இயங்கும் உறுதிப்படுத்தும் சோதனை ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். அதே டெஸ்டைத் திரும்பச் செய்வதில் சிக்கல் உண்டு: ரத்தத்திலுள்ள ஏதோ ஒரு பொருள் முதல் முறை ஏமாற்றியிருந்தால், இரண்டாம் முறையும் அதுவே ஏமாற்றும்.

கேள்வி: 'ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும் மாத்திரை' என்கிறார்களே?

பதில்: எதில் பாதி என்று கேளுங்கள். 10 பேரில் 2 பேருக்கு வரும் நோய் 1 ஆகக் குறைந்தாலும் பாதி. 1,000-ல் 2 பேர் 1 ஆனாலும் பாதி. முதலாவதில் ஒருவரைக் காப்பாற்ற 10 பேர் மாத்திரை சாப்பிட வேண்டும், இரண்டாவதில் 1,000 பேர். பக்கவிளைவு எல்லோருக்கும் வரலாம்.

கேள்வி: முதுநிலை மருத்துவ மாணவி நான். புது மருந்தையும் பழையதையும் ஒப்பிடும் ஆய்வில், ஒற்றைப்படைத் தேதியில் வருபவர்களுக்குப் புது மருந்து, இரட்டைப்படையில் பழையது என்று பிரித்தால் போதுமா?

பதில்: போதாதும்மா. இன்று எந்த மருந்து என்பது நோயாளிகளை ஆய்வில் சேர்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நோய் முற்றியவருக்குப் புது மருந்து கிடைக்கட்டும் என்று 'நாளைக்கு வாங்க' என அனுப்பிவிடுவார்; இரண்டு குழுவும் சமமாக இராது. கெட்ட எண்ணமே வேண்டியதில்லை, இரக்கம் போதும். பிரிட்டனில் நடந்து 1948-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வில் இந்த ஓட்டையை அடைத்தார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை உள்ளே வைத்து, குலுக்கல் முறையில் தயாரித்த எண்ணிட்ட, ஒட்டிய உறைகள். நோயாளியைச் சேர்ப்பது முடிவான பிறகே உறையைப் பிரிப்பார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். உங்கள் ஆய்வுக்கும் கணினியில் ரேண்டம் பட்டியல் எடுத்து, நோயாளிகளைச் சேர்க்காத ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.