நள்ளிரவில் வரும் மனநல நெருக்கடியும் மாவட்டத்துக்கு வரும் பணமும்: கேள்வி பதில்

மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால், மனநல சிகிச்சை பற்றிச் சிலர் கேள்விகள் அனுப்பி என்னிடம் பதில் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: மனநல சிகிச்சைக்கென்று ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அரசு தனியாகப் பணம் ஒதுக்குகிறதா, ஐயா?

ஒதுக்குகிறது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. அதன் கீழ் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் திருச்சியும் ஒன்று. பின்னர் ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83.2 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். மனநல மருத்துவர், உளவியலாளர், செவிலியர் ஆகியோரின் சம்பளம், மருந்து, வட்ட மருத்துவமனைகளுக்குப் போய்வரும் செலவு, பயிற்சி எல்லாம் இதற்குள் அடங்கும். நான் பார்த்தவரை இந்தப் பணம் பகல்நேர வெளிநோயாளர் பிரிவை நடத்தவே சரியாக இருக்கிறது. இரவுக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை. மாற வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் தம்பிக்கு இரவு இரண்டு மணிக்கு நிலைமை முற்றிவிட்டது. அரசு மருத்துவமனையில் "மனநல டாக்டர் காலையில்தான் வருவார், அப்போது கூட்டி வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது சரியா?

சரியில்லை, அம்மா. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 94ஆம் பிரிவு, நோயாளியின் உயிருக்கு ஆபத்து வரும் நிலையிலோ, அவரால் அவருக்கோ பிறருக்கோ பெரும் தீங்கு நேரும் நிலையிலோ, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரலாம் என்கிறது. மனநல மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நியமனப் பிரதிநிதி (நோயாளியின் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர்) அருகில் இருந்தால் அவருடைய சம்மதத்தோடு, அதிகபட்சம் 72 மணி நேரம் வரை இந்தச் சிகிச்சையைத் தரலாம். மனநல மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் இதில் அடங்கும். ஆகவே இரவுப் பணியில் இருக்கும் மருத்துவரிடம் "94ஆம் பிரிவின்படி பாருங்கள்" என்று பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். அவரையும் நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பயிற்சியும் தராமல், ஒரு கட்டிலும் ஒதுக்காமல், எட்டுப் பேர் காத்திருக்கும் அவசரப் பிரிவில் தனியாக நிறுத்தினால் யாரும் காலையில் வரத்தான் சொல்வார்கள்.

கேள்வி: மாத்திரை இருப்பில் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மாதா மாதம் எப்படி வாங்குவது?

ஒரு தாய் என்னிடம் வரும்போதெல்லாம் மஞ்சள் பையிலிருந்து தீர்ந்துபோன மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுவார். பெயரை வாய்தவறித் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று அதை நான்காக மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்திருப்பார். இரண்டு மாதம் மருந்து கிடைக்காமல், மூன்றாம் மாதம் அவருடைய மகனை நள்ளிரவில் ஆம்புலன்ஸில்தான் கொண்டு வந்தார்கள். நெருக்கடி பெரும்பாலும் இப்படித் தீர்ந்துபோன அட்டையில்தான் தொடங்குகிறது.

அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் எப்போதும் இலவசமாகத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் குறிப்பிடும் குறைந்தபட்ச சேவைகள் மாவட்டத்தில் இல்லாவிட்டால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதைக் கேட்டு வாங்கியவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பேருந்து நிலையத்தில் மனநலம் பாதித்த ஒருவர் திரிகிறார். காவல் நிலையத்தில் சொல்லலாமா?

சொல்லலாம். அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சேர்ப்பது 100ஆம் பிரிவின்படி காவல்துறையின் கடமை. லாக்கப்பில் வைக்கவே கூடாது. இத்தகையோருக்காகத் தமிழ்நாட்டில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களும் உள்ளன.

கேள்வி: மனநல உதவிக்கான 14416 தொலைபேசிச் சேவை வந்துவிட்டதே. அதற்குப் பிறகும் மாவட்டத்துக்குத் தனிப்பணம் தேவையா?

2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் அந்தச் சேவையை நான் மதிக்கிறேன். இரவிலும் அழையுங்கள், கட்டணம் இல்லை. ஆனால் தொலைபேசியால் கட்டிலும் ஊசியும் தர முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். சங்கிலியை இன்று 95ஆம் பிரிவு முற்றாகத் தடை செய்கிறது. ஆனாலும் இரவில் போக இடமில்லாத குடும்பத்தின் கை மறுபடி கயிற்றைத்தான் தேடும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவோ மூன்று விவரங்களைக் கேளுங்கள்: சென்ற ஆண்டு நம் மாவட்டத்துக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாகாமல் திரும்பியது, இரவில் மனநல நோயாளிக்கென்று எத்தனை கட்டில்கள் உள்ளன.