வீடும் பெயர்ப்பலகையும்: சிபேனல் கேள்வி பதில்

வெப்சைட்டுகளுக்குச் சர்வரில் இடம் வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் கம்பெனியின் சப்போர்ட்டில் 14 வருடம் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் நான். ‘சைட் வரலை’ என்று வரும் புகாரை (டிக்கெட்) திறந்தால், பாதி நேரம் சர்வரில் ஒரு கோளாறும் இருக்காது. எது அக்கவுண்ட், எது டொமைன் (சைட்டின் முகவரிப் பெயர்) என்பதில்தான் ஆள் குழம்பியிருப்பார். சிபேனல், அதாவது வாங்கிய ஹோஸ்டிங்கை நிர்வகிக்கிற வெப் பேனல், பயன்படுத்துகிறவர்களிடம் அதை மட்டும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி (திருப்பூர்): அண்ணா, புதுசா ஹோஸ்டிங் வாங்கினேன். சிபேனல் யூசர்நேம் என் டொமைன் பேர் மாதிரியே இருக்கு. அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: இல்லை தம்பி. ஹோஸ்டிங்காரரின் நிர்வாகப் பேனலான டபிள்யூஎச்எம்மில் புது அக்கவுண்ட் போடும்போது டொமைனை டைப் செய்ததும், அதிலிருந்தே ஒரு யூசர்நேமை அதுவாக எடுத்துப் போடும். முன்பெல்லாம் 8 எழுத்தோடு வெட்டிவிடும், இப்போது 16 வரை போகலாம். அதனால் வந்த ஒற்றுமைதான் இது.

அக்கவுண்ட் என்றால் அந்த லினக்ஸ் சர்வரில் ஒரு யூசர். ‘ஹோம்’ ஃபோல்டருக்குள் அந்த யூசர் பெயரில் ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். சைட் ஃபைல்கள் அதற்குள் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’லில் இருக்கும். மெயில், லாக், எஸ்எஸ்எல் (தகவலைக் குறியாக்கிப் பாதுகாக்கும் சான்றிதழ்) எல்லாவற்றுக்கும் அங்கேயே தனித்தனி ஃபோல்டர். டிஸ்க் கோட்டா (இட வரம்பு), பாஸ்வேர்டு, பேக்கப், சஸ்பெண்ட் எதுவானாலும் இந்த யூசர் தலையில்தான் விடியும். இதுதான் வீடு. டொமைன் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை.

ஒன்றை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ‘கடை’ என்று டேட்டாபேஸ் உருவாக்கினால், அதன் முழுப்பெயர் யூசர்நேம், ஓர் அடிக்கோடு, அப்புறம் ‘கடை’ என்று ஆகிவிடும். டேட்டாபேஸ் யூசருக்கும் அப்படியே. வேர்ட்பிரஸ் கான்ஃபிக் ஃபைலில் முன்னொட்டை விட்டுவிட்டு வெறும் ‘கடை’ என்று போட்டு, டேட்டாபேஸ் கனெக்ஷன் எரர் வருகிறது என்று ராத்திரி 2 மணிக்கு டிக்கெட் போட்டவர்கள் ஏராளம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): சிபேனல், டபிள்யூஎச்எம் எண்டு ரெண்டு சொல்லுறீங்கள். எனக்கு வந்தது எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: பிரவுசர் முகவரியில் கோலனுக்குப் பின் வரும் போர்ட் நம்பரைப் பாருங்கள். 2083 என்றால் சிபேனல், அதாவது ஒரு வீட்டுக்குள் நிற்கிறீர்கள். 2087 என்றால் டபிள்யூஎச்எம், அங்கிருந்துதான் வீடுகளையே உருவாக்குவதும் பூட்டுவதும். 2096 வெப்மெயில். இவற்றுக்கு ஒரு நம்பர் குறைவாக 2082, 2086, 2095 என்று இருப்பவை எஸ்எஸ்எல் இல்லாத பழைய வாசல்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி (மதுரை): சார், ஆட்ஆன், சப்டொமைன், பார்க்டு, ஏலியாஸ்னு நாலு சொல்றாங்க. இப்ப உள்ளே போய்ப் பார்த்தா ‘டொமைன்ஸ்’னு ஒரே ஐகான்தான் இருக்கு.

பதில்: ஐகானை ஒன்றாக்கிவிட்டார்கள், உள்ளே கணக்கு பழைய கணக்குதான். அக்கவுண்ட் போடும்போது கொடுத்தது முதன்மை டொமைன், அது ஒன்றே ஒன்றுதான். பார்க்டும் ஏலியாஸும் ஒன்றே: அதே வீட்டு வாசலில் இன்னொரு பலகை, உள்ளே போனால் அதே சைட். ஆட்ஆன் என்பது அதே காம்பவுண்டுக்குள் தனி அறை. தனி ஃபோல்டர், தனி சைட்.

ஆட்ஆனில் ஒரு சூட்சுமம் உண்டு. முதன்மை டொமைன் மளிகை.காம் என்று வையுங்கள். ஜவுளி.காம் என்று ஓர் ஆட்ஆன் சேர்க்கிறீர்கள். சிபேனல் கமுக்கமாக ஜவுளி.மளிகை.காம் என்று ஒரு சப்டொமைன் (முதன்மைப் பெயருக்கு முன்னால் ஒட்டிய பெயர்) உருவாக்கி, அதன்மேல்தான் ஜவுளி.காமை ஏற்றி வைக்கும். ஜவுளிக் கடைக்காரர் ஒருநாள் தன் சைட்டை கூகுளில் தேடினால் மளிகைக் கடைப் பெயரோடு சேர்ந்து வரும். ‘என் சைட்டை யாரோ காப்பி அடிச்சிட்டாங்க’ என்று போனில் சண்டை. யாரும் காப்பி அடிக்கவில்லை. அந்த சப்டொமைனுக்கு வருகிறவர்களை அசல் பெயருக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுதல்) செய்துவிட்டால் முடிந்தது.

இன்னும் இரண்டு. புது டொமைன் சேர்க்கும் பக்கத்தில் ‘டாக்குமெண்ட் ரூட்டை (சைட் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்) பகிர்’ என்று ஒரு டிக் இருக்கும். அந்த டிக்கை நீக்காமல் சேர்த்தால் அது ஏலியாஸ்தான், முதல் சைட்டே இரண்டு பெயரிலும் திறக்கும். அடுத்தது, ஆட்ஆன் ஃபோல்டரை பப்ளிக் எச்டிஎம்எல்லுக்கு உள்ளே வைக்காதீர்கள். வைத்தால் மேலே இருக்கிற சைட்டின் எச்டிஆக்சஸ் ஃபைலில் இருக்கிற விதிகள் கீழே இருக்கிற சைட்டையும் பிடித்துக்கொள்ளும். காரணம் தெரியாமல் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

கேள்வி (சேலம்): என்கிட்ட 9 கிளையண்ட் சைட் ஒரே சிபேனல்ல ஆட்ஆனா ஓடுது. ஒண்ணுல மால்வேர் வந்துச்சு. கிளீன் பண்ணினேன். ரெண்டே நாள்ல ஒன்பதுலயும் வந்துடுச்சு. ஹோஸ்டிங்காரன்தானே பொறுப்பு?

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் பொறுப்பு உங்களுடையது. ஒன்பது டொமைன் இருந்தாலும் லினக்ஸுக்கு நீங்கள் ஒரே யூசர். ஒன்பது சைட்டின் பிஎச்பியும் (சைட்டை இயக்கும் நிரல்) அந்த ஒரு யூசராகத்தான் ஓடுகிறது. ஆக, ஒரு வேர்ட்பிரஸின் பழைய ப்ளகினில் (துணை நிரல்) புகுந்தவன் மற்ற எட்டு ஃபோல்டரையும் படிக்கலாம், எழுதலாம். அவற்றின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் கையில். நீங்கள் ஒன்றைக் கழுவும்போது அவன் அடுத்த அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பான். கூட்டுப் பட்டா நிலம் மாதிரிதான் இது. ஒருத்தர் வம்பு எல்லோர் தலையிலும்.

மால்வேர் மட்டுமில்லை. டிஸ்க் கோட்டா, ஃபைல் எண்ணிக்கைக்கான ஐநோட் வரம்பு, ஒரே நேரத்தில் ஓடும் பிராசஸ் அளவு எல்லாம் அக்கவுண்டுக்குத்தான், டொமைனுக்கு இல்லை. ஒரு கிளையண்டின் மெயில்பாக்ஸ் நிரம்பி கோட்டா முட்டினால், இன்னொரு கிளையண்டுக்கு ஆர்டர் மெயில் வராது.

சப்போர்ட்டில் இருந்த காலத்தில் ஒரு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு நடந்தது. ஒரு டிசைனர் 11 கடைகளை ஒரே அக்கவுண்டில் வைத்திருந்தார். ஹோஸ்டிங் பில் கட்ட மறந்துவிட்டார், சிஸ்டம் தானாக சஸ்பெண்ட் செய்துவிட்டது. பட்டாசு, ஜவுளி, ஸ்வீட் என்று பதினொன்றிலும் ‘இந்த அக்கவுண்ட் நிறுத்தப்பட்டுள்ளது’ என்ற ஒரே பக்கம். அவர் பணம் கட்டினார், நாங்கள் ஐந்து நிமிடத்தில் திறந்தோம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் போயிருந்த ஆறு மணி நேர வியாபாரத்துக்குப் பதினொரு பேருக்கும் பதில் சொன்னது அவர்தான்.

கேள்வி (சென்னை): முன்னாடி எல்லாம் தனித்தனி சிபேனல் கேட்டா சும்மா கொடுத்தாங்க. இப்ப ஒவ்வொண்ணுக்கும் காசு கேக்கறாங்களே?

பதில்: 2019 வரை சிபேனல் லைசென்ஸ் சர்வருக்கு ஒன்று. அதில் 20 அக்கவுண்டோ 500 அக்கவுண்டோ, கட்டணம் ஒன்றுதான். 2018-ல் ஓக்லி கேபிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் சிபேனலை வாங்கியது. அடுத்த வருடமே அக்கவுண்ட் கணக்கில் விலை வந்துவிட்டது: 5 வரை ஒரு தட்டு, 30 வரை ஒன்று, 100 வரை ஒன்று, அதற்குமேல் தலைக்கு இவ்வளவு. அன்றிலிருந்து ஹோஸ்டிங்காரர்களும் அந்தச் செலவை உங்களிடம் தள்ளுகிறார்கள். செலவை மிச்சம் பிடிக்க எல்லோரும் ஆட்ஆனாக அடுக்கினார்கள். மேலே சேலம் நண்பருக்கு நேர்ந்ததன் வேர் இங்கேயும் கொஞ்சம் இருக்கிறது.

கேள்வி (திருச்சி): டொமைன் சேர்க்கப் போனா ‘ஏற்கனவே இருக்கு’ங்குது. நேத்துதான் வாங்கினேன், எப்படி இருக்கும்?

பதில்: ஒரு சர்வரில் ஒரு டொமைன் ஒரு யூசருக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். இந்த டொமைன் யாருடையது என்று சர்வரில் ‘யூசர்டொமைன்ஸ்’ என்ற ஒரு பட்டியல் ஃபைல் உண்டு. பழைய உரிமையாளர் அதே சர்வரில் இருந்திருக்கலாம், அல்லது நீங்களே முன்பு சேர்த்து நீக்கியபோது டிஎன்எஸ் ஸோன் (அந்தப் பெயர் எங்கே போக வேண்டும் என்ற பதிவுகள்) மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். உங்கள் பக்கமிருந்து சரிசெய்ய வழியில்லை. சப்போர்ட்டுக்கு, ‘இந்தப் பெயரில் மிச்சம் இருக்கிற ஸோனையும் யூசர்டேட்டாவையும் பார்த்து நீக்குங்கள்’ என்று அப்படியே எழுதுங்கள். வேலை சீக்கிரம் முடியும்.

இந்தக் கெடுபிடி தேவைதான். யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் சேர்க்கலாம் என்றால், அதே சர்வரில் உட்கார்ந்துகொண்டு உங்கள் டொமைனைத் தன் அக்கவுண்டில் போட்டு, அந்த சர்வரிலிருந்து உங்களுக்குப் போகிற மெயிலை ஒருவன் வாங்கிக்கொள்வான்.

கேள்வி (கோவை): ஆபீஸ் மெயிலை கூகுளுக்கு மாத்திட்டோம். எல்லாருடைய மெயிலும் வருது. எங்க வெப்சைட் என்குயரி ஃபார்ம் மட்டும் வர்றதில்லை. ஃபார்ம் ப்ளகினை மூணு தடவை மாத்தியாச்சு.

பதில்: ப்ளகினை விடுங்கள். வெப்சைட் இருப்பது சிபேனல் சர்வரில். அந்த டொமைன் ‘என் வீட்டு மெயில்’ என்று சர்வர் இன்னும் நினைக்கிறது. ஆகவே மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைப் பார்க்காமலே, ஃபார்மிலிருந்து கிளம்பும் மெயிலை வெளியே அனுப்பாமல் உள்ளேயே போட்டுவிடுகிறது. உங்கள் என்குயரிகள் எல்லாம் பழைய வெப்மெயிலில் படிக்க ஆளில்லாமல் கிடக்கலாம், 2096-ல் போய்ப் பாருங்கள். சிபேனலில் ‘ஈமெயில் ரூட்டிங்’ திறந்து, அந்த டொமைனுக்கு ‘ரிமோட்’ என்று மாற்றிவிடுங்கள்.

கேள்வி (காரைக்குடி): கம்பெனி பெயரே மாறிடுச்சு. முதன்மை டொமைனை நானே மாத்த முடியுமா?

பதில்: முடியாது. டபிள்யூஎச்எம் கையில் இருப்பவர் ‘மாடிஃபை அக்கவுண்ட்’டில் மாற்ற வேண்டும். முதலில் முழு பேக்கப்.

கேள்வி (கொழும்பு): ப்ளெஸ்க், டைரக்ட்அட்மின் எல்லாத்திலயும் இதே முறைதானா?

பதில்: இரண்டும் சிபேனல் போன்ற வேறு பேனல்கள். வீடு ஒன்றுதான், அறை பிரிக்கிற விதம் வேறு. டைரக்ட்அட்மினில் (2222-ல் திறக்கும்) அட்மின், ரீசெல்லர், யூசர் என்று மூன்று படி. யூசருக்குள் ‘டொமைன்ஸ்’ ஃபோல்டர், அதில் ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனி பப்ளிக் எச்டிஎம்எல். சிபேனல் மாதிரி ஒன்று எஜமான், மற்றவை ஆட்ஆன் என்ற பாகுபாடு ஃபோல்டரில் தெரியாது. ஆனாலும் யூசர் ஒன்றே, அதனால் மால்வேர் கதையும் அதேதான்.

ப்ளெஸ்க்கில் (8443) கஸ்டமர் வேறு, சப்ஸ்கிரிப்ஷன் வேறு. ஒரு கஸ்டமர் ஒரே லாகினில் நாலு சப்ஸ்கிரிப்ஷன் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் சர்வரில் தனி யூசர். ஒரு சாவிக்கொத்தில் நாலு வீட்டுச் சாவி. கணக்கு வைக்கும் முறையில் எனக்குப் பிடித்தது இதுதான். என்னதான் இருந்தாலும், ஒரே சப்ஸ்கிரிப்ஷனுக்குள் பத்து டொமைனைத் திணித்தால் அங்கேயும் கூட்டுப் பட்டாதான்.

கேள்வி (சேலம், மறுபடி): புத்தி வந்துடுச்சு சார். ஒன்பதையும் தனித்தனியா பிரிக்கணும். எங்க ஆரம்பிக்கிறது?

பதில்: ஒரு ரீசெல்லர் பிளான் எடுங்கள். டபிள்யூஎச்எம் லாகின் வரும், அக்கவுண்டுகளை நீங்களே உருவாக்கலாம். ஆட்ஆனை அக்கவுண்டாக மாற்றவே டபிள்யூஎச்எம்மில் ஒரு வசதி இருக்கிறது. உங்களுக்குத் திறந்துவிடவில்லை என்றால் ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். பிரிக்கும் முன் மால்வேரைச் சுத்தம் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பது வீட்டுக்கும் கரையானைப் பங்கு போட்டுக் கொடுத்ததாகிவிடும். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

முதலில் ஆர்டர் குறைவாக வருகிற சைட் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மாற்றி முடித்ததும் வேர்ட்பிரஸ் கான்ஃபிக் ஃபைலில் டேட்டாபேஸ் பெயர், யூசர், ஃபோல்டர் பாதை மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள். பழைய யூசர்நேம் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேதான் மாட்டும். பிறகு அந்த டொமைனுக்கு வெளியிலிருந்து ஒரு மெயில் அனுப்பி வந்து சேர்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஆர்டர் அதிகம் வருகிற சைட்டைக் கடைசிக்கு வையுங்கள்.