வீட்டு உப்புநீர் மீன் தொட்டிக்கு, வெளியே வைக்கும் ரிட்டர்ன் பம்ப்பை எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி கேட்டவர் தந்த விவரம் சுருக்கமாக இது: சென்னையில் அடுக்குமாடி வீடு. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் உப்புநீர்த் தொட்டி. ஸ்டாண்டுக்குள் மூன்றடி சம்ப், அதாவது மேல் தொட்டித் தண்ணீர் வழிந்து வந்து சேரும் கீழ்த் தொட்டி. அங்கிருந்து தண்ணீரைத் திருப்பி மேலே ஏற்றுவதுதான் ரிட்டர்ன் பம்ப். கோமாளி மீன், கொஞ்சம் இறால், முடிந்தால் ஒரு கடல் சாமந்தி (அனிமோன்) வளர்க்க ஆசை. சம்புக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் தண்ணீரைச் சூடாக்குவதால் வெளியே வைக்கும் பம்ப் வாங்கப் போகிறார். எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்கிறார்.

நான் ஒன்பது வருடமாக இதே அளவுத் தொட்டி வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று பம்ப் மாற்றியாகிவிட்டது. கம்பெனிப் பெயரைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் குழாயை முடிவு செய்யுங்கள். எந்த பம்ப் என்பதைக் குழாய்தான் சொல்லும்.

உங்கள் தொட்டி கணக்குப்படி 430 லிட்டர் பிடிக்கும். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் 380 லிட்டர் தேறும். மணிக்கு இதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 2000 லிட்டர் சம்பிலிருந்து மேலே போனால் போதும். வெளிநாட்டுக்காரர்கள் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று எழுதுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பெரும்பாலும் அது பவளத் தொட்டிக்கான மொத்த நீரோட்டக் கணக்கு. அந்த ஓட்டத்தைத் தொட்டிக்குள் வைக்கும் பவர்ஹெட் என்ற சிறு நீரோட்ட பம்ப் குறைந்த மின்சாரத்தில் தந்துவிடும். ரிட்டர்ன் பம்ப்பின் வேலை சம்புக்கும், அதில் நுரையாக அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கும் தண்ணீரைச் சுற்றவிடுவது மட்டும்தான். தவிர, நம் நாட்டில் கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். கோமாளி மீனைக்கூடக் கடலில் பிடித்ததாக வாங்காமல், பண்ணையில் பொரித்ததாகப் பார்த்து வாங்குங்கள். அதைப் பொரித்து வளர்க்கும் முறையை, ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் எப்போதோ கைகூட வைத்துவிட்டது.

சரி, 2000 லிட்டர் வேண்டும் என்பதற்காக டப்பாவில் 2000 என்று போட்ட பம்ப்பை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். டப்பாவில் இருப்பது குழாயே மாட்டாமல், உயரமே ஏற்றாமல் வரும் அளவு. கூடவே 'அதிகபட்ச ஹெட் 3 மீட்டர்' என்று ஒரு எண் இருக்கும். மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்பதுதான் அதற்கு அர்த்தம். நமக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதைக் காட்டும் வளைகோட்டுப் படத்தைக் கம்பெனி தர வேண்டும். தராத பம்ப்பை நான் வாங்க மாட்டேன்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. சம்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் நீர்மட்டம் வரை டேப் வைத்து அளந்தால், வழக்கமான ஸ்டாண்டில் 1.2 மீட்டர் பக்கம் வரும். இதைக் குறைக்க முடியாது. அடுத்தது குழாய் உராய்வு. இது முழுக்க நம் கையில் இருக்கிறது. இரண்டு மீட்டர் குழாய், நான்கு எல்போ, ஒரு பால் வால்வு, மணிக்கு 2500 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கிறேன், போகப்போகக் குழாயில் பாசி படியும். உள்விட்டம் 20 மில்லிமீட்டராக இருந்தால் உராய்வு மட்டும் 1.75 மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சமம். 25 மில்லிமீட்டர் என்றால் 0.7 மீட்டர். 32 மில்லிமீட்டர் என்றால் வெறும் கால் மீட்டர். முக்கால் இஞ்ச் குழாய்க்கும் ஒன்றேகால் இஞ்ச் குழாய்க்கும் கடையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். பம்ப்பில் அது ஆயிரக்கணக்கில் போகும், மின் கட்டணத்தில் மாதாமாதம் போகும். பம்ப்பின் வாய் முக்கால் இஞ்சாக இருந்தாலும், வெளியேறிய உடனே ரெட்யூசர் போட்டு ஒன்றேகாலுக்குப் போய்விடுங்கள். ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் 45 டிகிரி எல்போ இரண்டு போட்டாலும் நல்லது.

ஆக, ஒன்றேகால் இஞ்ச் குழாய் போட்டால் மொத்தம் ஒன்றரை மீட்டர், ஒரு இஞ்ச் போட்டால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. அந்த உயரத்தில் 2000 முதல் 2500 லிட்டர் தரும் பம்ப்பைத் தேட வேண்டும். அதிகபட்ச ஹெட் 4 மீட்டர் பக்கமும் டப்பா அளவு 4000 முதல் 5000 லிட்டரும் இருக்கிற பம்ப்புகளில் உங்களுக்கானது இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் கடைகளின் வளைகோடு 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் போட்டது. நம்முடையது 50. ஏசி மோட்டார் பம்ப் இங்கே மெதுவாகத்தான் சுற்றும். நீரளவு ஆறில் ஐந்து பங்காகும், ஹெட் இன்னும் மோசமாக 69 சதவீதத்துக்கு இறங்கும். அங்கே 4 மீட்டர் ஏற்றுவது இங்கே 2.8 மீட்டர்தான் ஏற்றும். 110 வோல்ட் பம்ப்பை யாராவது அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம் என்றால், டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. டிசி பம்ப்புக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி நீங்கள் இந்தக் கேள்வியே கேட்கக் காரணமான சூடு. இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பம்ப்பை வெளியே எடுத்து வைத்துவிட்டாலே சூடு போய்விடாது. வெளியே வைக்கும் பம்ப்பில் இரண்டு வகை. ஒன்று, பின்னால் மின்விசிறி உள்ள தனி மோட்டார். ஜப்பானின் இவாக்கி எம்டி வரிசை இப்படி. மோட்டாரின் சூட்டைக் காற்று எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, ஜெர்மனியின் எஹைம், இத்தாலியின் சிச்சே போன்றவை தருகிற, உள்ளேயும் வைக்கலாம் வெளியேயும் வைக்கலாம் என்ற வகை. இதில் சுழலும் காந்தம் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, விசிறி கிடையாது. அதனால் வெளியே வைத்தாலும் சூட்டில் பெரும்பகுதியை உள்ளே ஓடும் தண்ணீர்தான் வாங்கிக்கொள்ளும்.

அப்படியென்றால் விசிறி வகையே நல்லது என்று தோன்றும். ஆனால் அது சத்தம் போடும். என் முதல் வெளிப் பம்ப் அந்த வகைதான். பகலில் தெரியவில்லை. இரவு பதினொரு மணிக்குத் தெரு அடங்கியதும் ஸ்டாண்டின் பிளைவுட் பலகை முழுக்க அதிர்ந்தது. ஹாலில் படுக்கும் அம்மா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதை ஏதாவது பண்ணுப்பா" என்றார். தடித்த ரப்பர் ஷீட்டும், பம்ப்புக்கும் குழாய்க்கும் இடையே ஒரு சாண் வளையும் ஹோஸும் போட்ட பிறகு பாதி குறைந்தது. மீதி கடைசி வரை குறையவில்லை.

நான் கண்ட வழி, வாட்டைக் குறைப்பது. எந்த வகையானாலும் 100 வாட் பம்ப்பைவிட 45 வாட் பம்ப் குறைவாகவே சூடாக்கும். 60 வாட் முழுதும் தண்ணீருக்குள் போய், வெளியே எங்கும் போகாமல் தேங்கினால், 400 லிட்டர் ஒரு நாளில் 3 டிகிரி ஏறும். ஆவியாதல் இருப்பதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது. ஆனாலும் மே மாதச் சென்னையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கூடுதலாக ஓடி அதைத்தான் இறக்கிக்கொண்டிருக்கும். கரண்ட் பில்லையும் சேர்த்துப் பாருங்கள். 100 வாட் பம்ப் நிற்காமல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும். 45 வாட் என்றால் 65 யூனிட்.

அடுத்தது, தண்ணீர் எதைத் தொடுகிறது என்பது. இதை நான் இறால்களைச் சாகவிட்டுக் கற்றேன். இரண்டாவது வருடம் குழாயை மாற்றியபோது, பிளம்பர் பம்ப்பின் மரையில் வழக்கமான பித்தளை எஃப்டிஏ (குழாயை மரையோடு சேர்க்கும் இணைப்பு) ஒன்றைப் போட்டிருக்கிறார். வீட்டுத் தண்ணீர் லைனில் அதுதான் உறுதியானது என்பதால் நல்ல எண்ணத்தில்தான் போட்டார். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பிளாஸ்டிக், பித்தளை உள்ளே. மீன்கள் நன்றாக இருந்தன. பத்து நாளில் மூன்று இறால்களும் செத்தன, நத்தைகள் கண்ணாடியிலிருந்து கீழே விழுந்தன. கழற்றிப் பார்த்தால் மரையில் பச்சை பூத்திருந்தது. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. மீன் தாங்கும் அளவு செம்பை இறாலும் நத்தையும் கடல் சாமந்தியும் தாங்காது. இணைப்புகள் எல்லாமே முழு பிளாஸ்டிக்காக இருக்கட்டும். வேலை நடக்கும்போது கூடவே நின்று ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பாருங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் வீட்டு மோட்டார் யோசனையையும் ஒதுக்கச் சொல்கிறேன். 'கோயம்புத்தூர் அரை ஹெச்பி மோனோபிளாக் நாலாயிரத்துக்குக் கிடைக்கும்போது எதற்கு இவ்வளவு செலவு' என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். கிணற்றுக்கும் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் அது அருமையான பம்ப். ஆனால் உடம்பு வார்ப்பிரும்பு, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் பல மாடல்களில் பித்தளை, இருபத்துநாலு மணி நேர ஓட்டத்துக்கு அது செய்யப்பட்டதும் அல்ல. உப்புநீரில் துருவும் செம்பும் சேர்ந்தே வரும்.

தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் எப்படி என்றும் கேட்டு வாங்குங்கள். மோட்டார் தண்டு நேராக உள்ளே போகும் பம்ப்பில் மெக்கானிக்கல் சீல் இருக்கும். அது தேய்ந்தால் சொட்டும், சொட்டுவது காய்ந்து உப்பாகும், உப்பு சீலை இன்னும் அரிக்கும். காந்தத்தால் இம்பெல்லரைச் சுற்றும் மேக்னெடிக் டிரைவ் வகையில் தண்டு வெளியே வருவதே இல்லை, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மட்டும்தான். வீட்டுக்கு இதுதான் சரி. உள்தண்டு செராமிக்காக இருப்பது நல்லது. தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே இந்த வகை கெட்டுவிடும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். சம்பில் மட்டம் இறங்கினால் நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று போட்டுவிடுங்கள்.

இந்த பம்ப்புகள் தானாகத் தண்ணீரை உறிஞ்சி எடுக்காது. சம்பில் ஓட்டை போட்டு, குழாயை இணைக்கும் டேங்க் நிப்பிள் வைத்து, நீர்மட்டத்துக்குக் கீழே பம்ப் உட்கார வேண்டும். உறிஞ்சும் பக்கக் குழாய் பம்ப்பின் வாயைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியேறும் பக்க வால்வைத்தான் திருக வேண்டும், உறிஞ்சும் பக்கத்தைத் திருகினால் பம்ப் கூழாங்கல் அரைப்பதுபோல் சத்தம் போட்டுச் சாகும். இரு பக்கமும் யூனியனோடு (திருகிக் கழற்றி மாட்டும் இணைப்பு) பால் வால்வு போடுங்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை இம்பெல்லரைக் கழற்றி வினிகரில் ஊறவைக்க வேண்டியிருக்கும், யூனியன் இல்லையென்றால் குழாயை அறுக்கத்தான் வேண்டும்.

கம்பெனிக்கு வருவோம். உங்கள் அளவுத் தொட்டிக்கு நான் டிசி பம்ப்பைச் சொல்வேன். வெளியே வைக்கலாம் என்று கையேட்டில் எழுதியிருக்க வேண்டும், ஹெட் 4 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 24 வோல்ட் என்பதால் ஷாக் பயம் குறைவு, கன்ட்ரோலரில் வேகத்தைக் குறைத்தால் வாட்டும் குறையும். இப்போது என்னிடம் ஓடுவது அதுதான், அறுபது சதவீத வேகத்தில். கன்ட்ரோலரை மட்டும் ஸ்டாண்டுக்கு வெளியே மாட்டுங்கள், உப்புக்காற்று பட்டால் போய்விடும். ஏசி பம்ப்தான் வேண்டும் என்றால் சிச்சே, எஹைம் இரண்டையும் நம்பி வாங்கலாம். ஆனால் வீட்டு இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மற்ற வகையில் ஏசி பம்ப் உறுமிச் சூடாகும். ஆறடித் தொட்டியோ, சம்ப் வேறு அறையிலோ என்றால் இவாக்கிக்குப் போவேன். எதை வாங்கினாலும் இம்பெல்லரும் ஓ-ரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். கிடைத்தால் அன்றைக்கே ஒரு செட் சேர்த்து வாங்கிவிடுங்கள். லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் எதையும் ஓட்டாதீர்கள்.

கடைசியாக, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கும். உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது 7 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ரிட்டர்ன் வாய் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 36 லிட்டர் கீழே வரும், சம்ப் மட்டம் ஒரு சாணில் பாதி ஏறும். என்ஆர்வி என்ற ஒருவழி வால்வு போட்டால் தடுக்கலாம் என்பார்கள். ஒரு நத்தைக்குஞ்சு மாட்டினால் போதும், அது மூடாது. ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே வைத்து, மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை போடுங்கள், காற்று புகுந்து இறங்குவது நின்றுவிடும். உப்பைக் கலக்கும் முன்பே, வெறும் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஐந்தாறு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு சம்ப் எவ்வளவு ஏறுகிறது என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். விளிம்புக்கு நான்கு விரல் கீழே நிற்கும்படி தண்ணீரைச் சரிசெய்து, பம்ப்பை மறுபடி ஓடவிட்டு, அப்போது சம்பில் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஆவியான தண்ணீரைத் தினமும் ஊற்றும்போது அந்தக் கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.