ஐஸ்கிரீம் சாப்பிட்டதும் நெற்றியில் சுரீர் வலி: ஸ்கேன் தேவையா?

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. ஐஸ்கிரீம் சாப்பிடும்போதும், ஜில்லென்று ஜூஸ் குடிக்கும்போதும் திடீரென்று நெற்றியில் குத்துவதுபோல் வலிக்கிறது. ஒரு நிமிடத்தில் தானாகவே போய்விடுகிறது. எனக்கு மாதம் ஓரிரு முறை ஒற்றைத் தலைவலியும் வரும். இப்போது என் 8 வயது மகளும் ஐஸ்கிரீம் சாப்பிடும்போது, "கண்ணுக்கு மேல வலிக்குதும்மா" என்று அழுகிறாள். மூளையில் ஏதாவது கோளாறா என்று பயமாக இருக்கிறது. ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: ஸ்கேன் வேண்டாம், அம்மா. உங்கள் மகளுக்கும் வேண்டாம். ஜில்லென்று ஒன்று உள்ளே போனவுடன் வருகிறது, நெற்றியில் வருகிறது, கொஞ்ச நேரத்தில் சுவடே இல்லாமல் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நோயைக் கணிக்க இந்த விவரமே போதும். சர்வதேச தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில் இந்தக் குளிர் தலைவலிக்குத் தனி இடம் உண்டு. குளிர் விலகிய 10 நிமிடத்துக்குள் வலி அடங்கிவிட வேண்டும் என்பது அதன் வரையறை. பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவு நேரம்கூட ஆவதில்லை.

குளிர் படுவது வாயில், வலிப்பது நெற்றியில். இதுதான் எல்லோரையும் குழப்புகிறது. வாயின் கூரையான மேல் அண்ணத்திலும் தொண்டையின் பின்சுவரிலும் ரத்தக்குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. அங்கே திடீரென்று குளிர் பட்டதும் அவை சட்டென்று சுருங்கி, பிறகு விரிகின்றன. சுற்றியுள்ள நரம்பு முனைகள் இதை வலியாக உணர்ந்து மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. அண்ணத்திலிருந்து தகவல் கொண்டுபோகும் அதே ட்ரைஜெமினல் நரம்புதான் நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியுள்ள பகுதிக்கும் பொறுப்பு. அதனால் வலி எங்கிருந்து கிளம்பியது என்பதை மூளை தவறாகக் கணித்துவிடுகிறது. மாரடைப்பில் இடது கை வலிப்பதும் இப்படித்தான். மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். தன்னார்வலர்களை ஸ்ட்ரா வழியாக ஐஸ் தண்ணீரை அண்ணத்தில் படும்படி உறிஞ்சவைத்துச் செய்த ஓர் ஆய்வின் முடிவு 2012-ல் வெளியானது. வலி வந்தபோது மூளையின் முன்பகுதித் தமனியில் ரத்த ஓட்டம் கூடியது, வலி தணிந்தபோது குறைந்தது. இதனால் மூளைக்குப் பாதிப்பு எதுவும் இல்லை.

எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம். கனடாவில் 145 பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். ஐஸ்கிரீமை 5 விநாடிக்குள் விழுங்கியவர்களில் 27 சதவீதம் பேருக்குத் தலை வலித்தது. 30 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் வலித்தது. ஆகவே ஐஸ்கிரீமைத் தடை செய்யாதீர்கள். சின்ன ஸ்பூனாகக் கொடுங்கள். நாக்கின் முன்பகுதியிலேயே கரையவிட்டு விழுங்கச் சொல்லுங்கள். ஸ்ட்ராவில் குடிப்பதானால் அதன் நுனி அண்ணத்தை நோக்கி இருக்கக் கூடாது, கன்னப் பக்கம் திருப்பிவைத்துக்கொள்ளலாம். மடமடவென்று குடிப்பதைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வலி வந்தேவிட்டால், வாயில் இருப்பதை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள், அல்லது விழுங்கிவிட்டு நிறுத்துங்கள். பிறகு நாக்கை மேல்நோக்கி மடித்து, அதன் அடிப்பக்கத்தை அண்ணத்தில் அழுத்திப் பிடியுங்கள். மேல்பக்கம் ஐஸ்கிரீம் பட்டுக் குளிர்ந்திருக்கும், அடிப்பக்கத்தில்தான் சூடு இருக்கும். குழந்தைக்கு இது வராவிட்டால் கட்டைவிரலை அண்ணத்தில் வைத்து அழுத்தலாம், கை மட்டும் சுத்தமாக இருக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தால் ஒரு வாய் குடித்து, சற்று நேரம் வாயிலேயே வைத்திருக்கலாம். மாத்திரை வேண்டவே வேண்டாம். அது வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும், அதற்கு வெகு முன்பே வலி போயிருக்கும். ஒற்றைத் தலைவலி உள்ள நீங்கள் வலி மாத்திரைகளை அடிக்கடி போட்டால், அதுவே தலைவலியைக் கொண்டுவரும்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தக் குளிர் வலி அதிகம் வருகிறது. வழக்கமாக எந்தப் பக்கம் வலிக்குமோ அதே பக்கத்தில் இதுவும் வரலாம். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். எனவே உங்கள் மகள் சொல்வதை நம்புங்கள். "ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடித்தாய் இல்லையா, அனுபவி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சில விநாடி வலி நிஜமானது, சமயத்தில் மிகக் கடுமையானது. இது தானாகவே போய்விடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் குழந்தை பயப்படாது.

ஆனால் குளிர்ந்த எதையும் தொடாமலே திடீரென்று மிகக் கடுமையான தலைவலி வந்தால் நிலைமை வேறு. பேச்சு குழறினாலும், பார்வை மங்கினாலும், கை கால் பலவீனமானாலும், வாந்தியோ கழுத்து இறுக்கமோ சேர்ந்தாலும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். குழந்தைகளைப் பொறுத்தவரை, தூக்கத்திலிருந்து எழுப்பும் தலைவலி, காலையில் வாந்தியோடு வரும் தலைவலி, நடையில் தள்ளாட்டம், புதிதாக மாறுகண் ஆகியவற்றை மருத்துவரிடம் உடனே காட்டியாக வேண்டும்.

அடுத்த முறை உங்கள் மகளிடம் எந்த இடத்தில் வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நெற்றிக்குப் பதிலாகப் பல்லையோ ஈறையோ காட்டினால், சொத்தை இருக்கிறதா என்று பல் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.